பிழையைச் சொல்லும் இடம்

அன்புள்ள ஐயா,

தென்கொரியாவின் சூவோனில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவரின் கணக்கில் இருந்த பிழையை எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினேன். கணக்கு திருத்தப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. உண்மையைச் சொன்னது குற்றமா?

ஆர்., சூவோன்

அன்புள்ள ஆர்.,

குற்றமே இல்லை. இடம்தான் பிசகிவிட்டது.

கொரிய அலுவலகங்களில் பெரும்பாலான முடிவுகள் கூட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். சாவோன் என்ற கடைநிலை ஊழியரில் தொடங்கி, தேரி, குவாஜாங், சாஜாங், துறைத் தலைவரான பூஜாங் என்று படிப்படியாக ஏறும் பதவி வரிசை அது. மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை, பதவியோடு ‘நிம்’ என்ற மரியாதை விகுதி சேர்த்து ‘பூஜாங்நிம்’தான். நாமும் ‘வா’, ‘வாருங்கள்’ என்று ஆள் பார்த்துப் பேசுகிறவர்கள்தான் என்றாலும், அங்கே வினைமுற்றுகளில் மரியாதையின் படிகள் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட அறையில் பலர் முன் பிழை காட்டினால் அவருடைய ‘செம்யோன்’, அதாவது முகமரியாதை, போய்விடுகிறது.

அதற்காக வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 1997 ஆகஸ்டில் கொரியன் ஏர் விமானம் அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவில் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் களைப்பு, பயிற்சிக் குறை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் இறங்குவதைக் கைவிடலாம் என்று துணை விமானி சொன்னது மோதலுக்குச் சில விநாடிகள் முன்புதான். அவரும் விமானப் பொறியாளரும் தலைமை விமானியின் செயலைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று அமெரிக்க விசாரணை அறிக்கை எழுதியது. அந்தச் சில விநாடிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

கொரியர்களும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். சிஜே குழுமம் 2000-லேயே பதவிப் பெயர்களை விட்டு எல்லோரையும் அவரவர் பெயரோடு ‘நிம்’ சேர்த்து அழைக்கச் சொன்னது. சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் 2017-ல் ஏழு படிகளை நான்காகக் குறைத்தது. பழக்கம் அவ்வளவு விரைவில் மாறிவிடாது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே அடுத்த முறை கூட்டத்துக்கு முந்தின நாளே அவர் மேசைக்குப் போங்கள். “இந்த எண் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை, பூஜாங்நிம்” என்று கேளுங்கள். பிழையை அவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். எந்த இடமானாலும் உரக்கச் சொல்லிவிடுங்கள்.

இப்போதைய மனத்தாங்கலுக்கு, அலுவலகக் குழு சேர்ந்து உண்ணும் ஹ்வேசிக் இருக்கிறது. அவருடைய கோப்பை காலியானதும் மதுப் புட்டியை இரு கைகளாலும் பிடித்து ஊற்றுங்கள். நீங்கள் குடிக்காதவரென்றால் உங்கள் கோப்பையில் தண்ணீர் இருந்தாலும் போதும். அந்தக் கணக்கைப் பற்றி அவரே பேச்சை எடுக்கக்கூடும்.