ஒற்றியூரில் கண்ணை இழந்தது யார்?

கேள்வி: கல்யாணமாகி 11 வருடம் கழித்துக் கணவர் வேறொருத்தியோடு போய்விட்டார். பிளவுஸ் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறேன். "உன்னைப் பக்குவப்படுத்தத்தான் கடவுள் இந்த வலியைக் கொடுத்திருக்கிறார், நன்றி சொல்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒற்றியூர் போய் வடிவுடையம்மன் முன்னால் நிற்கிறேன். நன்றி வரமாட்டேன் என்கிறது. எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற எண்ணம்தான் வருகிறது. என் பக்தியில் குறையா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லையம்மா. நன்றி வரவில்லை என்றால் சொல்லாதீர்கள். வராத நன்றியை வரவழைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்பதுதான் பொய்.

நீங்கள் போகிற அதே கோயிலில், மகிழமரத்தடியில்தான் 'உன்னைப் பிரியேன்' என்று, தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் நடத்துகிறார்கள், நீங்களும் கூட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அப்புறம் திருவாரூர் நினைப்பு வந்து, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. யாருக்கு? விட்டுப் போனவருக்கு. 'உன்னிடம் என்ன குறை, ஏன் போனார்?' என்று சங்கிலியாரை அந்தக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள்தான் உங்கள் கணவர் செய்த தப்பை உங்களுக்கு வந்த பாடமாக்கி உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, கண் போன சுந்தரராவது நன்றி சொன்னாரா? திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண் வந்தது, மற்றதற்காக ஆரூர் வரைக்கும் நடந்து, அங்கே நின்று 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நீராவது நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று சாமியிடமே கோபம்! தப்புச் செய்தவரே அப்படிச் சண்டை போட்டிருக்கிறார். தப்பே செய்யாத நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்?

வலி தானாக யாரையும் பக்குவப்படுத்தாது. பட்ட கஷ்டத்தில் கசந்துபோய், வீட்டில் உள்ளவர்களை வதைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கிற நேரத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதம் அளவு நோட்டில் கிழித்த தாளில் வந்திருக்கிறது. பின்பக்கம் திருப்பினேன். மார்பு 36, கை 9, முன்கழுத்து 7 என்று வரிசையாக அளவுகள். நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'காசு வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு பாவம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தால் அவர் போன பிறகு எழுதியது, அதுவும் ஜூன் மாதம், உங்கள் பிள்ளைக்கே பீஸ் கட்ட வேண்டிய நேரம். லாயக்கில்லாதவள் என்று முன்பக்கம் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. எனக்குப் பின்பக்கத்தில்தான் நம்பிக்கை.

இன்னொன்று. ஜீவனாம்சம் கேட்பது பக்திக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே அது இருக்கிறது. 15100-க்குப் போன் செய்யுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். அப்புறம், இந்த வெள்ளிக்கிழமை அந்த மகிழமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மனதில் இருப்பதையெல்லாம் வாய்விட்டே கேளுங்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.