பாக்குத் தோட்டத்து நாடகக்காரர்கள்

கேள்வி: கர்நாடகத்தில் ஏதோ ஒரு குக்கிராமத்து நாடகச் சங்கத்துக்கு மகசேசே விருதே கிடைத்ததாமே, நிஜமா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் அந்த விருது சங்கத்துக்கு இல்லை, அதைத் தொடங்கிய கே.வி. சுப்பண்ணாவுக்கு, 1991-ல். மற்றபடி நீங்கள் கேட்டது நிஜம்தான். ஷிமோகா (இப்போது சிவமொக்கா) மாவட்டத்தில் சாகர் பக்கம் ஹெக்கோடு என்று ஓர் ஊர், சுற்றிலும் பாக்குத் தோட்டம், அங்கே 1949-ல் அவரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த நீலகண்டேஸ்வர நாட்யசேவா சங்கம்தான், சுருக்கமாக, நீநாசம். சுப்பண்ணாவே பாக்கு விவசாயி. நல்ல கலை பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும்தானா என்பதுதான் அவருடைய சண்டை. 1973-ல் திரைப்படச் சங்கம் வைத்து சத்யஜித் ரே, ஜப்பானிய இயக்குநர் குரோசாவா படங்களைக் கிராமத்து ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 'இவர்களுக்குப் புரியுமா' என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, விடுங்கள். 1980-ல் நாடகப் பள்ளி வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1985-ல் தொடங்கிய 'திருகாட்டா' என்ற சுற்றுப்பயணக் குழு. செட், விளக்கு, உடுப்பு எல்லாவற்றையும் கூடவே ஏற்றிக்கொண்டு கர்நாடகம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள், அதுவும் பெரிய அரங்கம் இல்லாத ஊர்களில்கூட, ஷேக்ஸ்பியரையும் காளிதாசனையும் கன்னடத்தில். சுப்பண்ணா 2005-ல் காலமானார், சங்கம் நிற்கவில்லை. நேரில் பார்க்க ஆசையா? சாகர் வரை ரயிலே போகிறது.