'தண்ணீர்' நாவலும் எழுதிப் பழகுகிறவர்களும்: கேள்வி பதில்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973-ல் வந்த நாவல். தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் ஒரு சென்னைத் தெருவும், ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையும்தான் கதை. இந்த மாதம் ராயபுரத்தில் கூடிப் படித்தோம். எழுதிப் பழகுகிறவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இவை.

காசிமேட்டுத் தம்பி: அக்கா, தண்ணீரை வாழ்க்கையின் குறியீடு என்கிறார்கள். நானும் என் கதையில் கடலைக் குறியீடாக வைத்தேன். யார் மனதிலும் ஒட்டவில்லையே?

குறியீடாக வைத்ததுதான் காரணம், தம்பி. நாவலில் தண்ணீர் முதலில் வெறும் தண்ணீர்தான். தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள். பெண்கள் குடத்தோடு வீடு வீடாக அலைகிறார்கள். மற்ற அர்த்தமெல்லாம் புத்தகத்தை மூடிய பிறகுதான் நமக்குத் தோன்றுகிறது. சின்ன வயதில் கொருக்குப்பேட்டையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டவள் நான். என் குடத்தை யாராவது நகர்த்திவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அப்போது நினைப்பு. உங்கள் கடல் 'துயரம்போல் விரிந்து' கிடக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் எது அடகுக்குப் போனது, வலையை யார் உட்கார்ந்து பின்னினார்கள், அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார்? அதை எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: எங்கள் பேச்சை அப்படியே எழுதலாமா? 'இன்னாபா' என்றாலே சிரிக்கிறார்கள்.

தாராளமாக எழுதுங்கள். சினிமா அதை ரவுடிக்கும் காமெடிக்கும் ஒதுக்கி வைத்துப் பழக்கிவிட்டது. சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வராண்டாவிலும் நாம் அதே மொழியில்தானே பேசுகிறோம்? அங்கே கொண்டுபோய் வையுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டைத் தங்கச்சி: என் பாத்திரங்கள் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள், அக்கா.

ஜமுனா மனம் உடைந்து கிடக்கும்போது டீச்சரம்மா பேசும் இடத்தைத் திரும்பப் படிம்மா. தான் பட்ட கல்யாண வாழ்க்கையை அவர் எடுத்துச் சொல்கிறார். அவ்வளவு பட்டவர் என்பதால் அந்தப் பேச்சு நமக்கு உறைக்கிறது. உன் கதையில் அறிவுரை சொல்கிற பெரியம்மாவுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கண்டுபிடி.

எர்ணாவூரிலிருந்து ஒருவர்: எத்தனை முறை திருத்த வேண்டும்?

எண்ணிக்கை எல்லாம் கிடையாது. சத்தமாகப் படியுங்கள், நாக்கு இடறும் இடத்தைத் திருத்துங்கள்.