கால் இழுப்பும் மறதியும்: யாரிடம் எதைச் சொல்வது?

கேள்வி: பனையால் விழுந்த என் கணவருக்கு முள்ளந்தண்டிலும் தலையிலும் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, சலம் குழாயால்தான் போகிறது. கால் இழுப்புக் கூடியதால் குளிசையைக் கூட்டித் தந்தார்கள். இப்போது எந்நேரமும் தூக்கம், மறதி, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு நாள். யாரிடம் எதைச் சொல்வது? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: அன்புத் தங்கச்சி, இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடுபட்டவையாக இருக்கலாம். முள்ளந்தண்டு வடம் அடிபட்டவருக்குக் கால் இழுப்புத் திடீரெனக் கூடினால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். சலத்தில் கிருமி, அடைபட்ட குழாய், மலச்சிக்கல், குண்டிப் பக்கம் தொடங்கும் படுக்கைப் புண் எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு அங்கே நோ தெரியாது. உடம்பு இழுத்துத்தான் காட்டும்.

அதைப் பார்க்காமல், இழுப்பைத் தணிக்கும் பக்லோஃபென் போன்ற குளிசையைக் கூட்டினால் தூக்கமும் குழப்பமும் வரலாம். தலையில் அடிபட்டவரை அது இன்னும் அசத்தும். மூளைக் காயத்தாலும் மறதியும் கோபமும் வருவதுண்டு. அந்தக் கோபம் உங்கள்மேல் உள்ள வெறுப்பு அல்ல, தங்கச்சி. எது எதனால் என்று பிரித்தறிய முழுக் கதையும் ஒரு வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்லோஃபெனைச் சட்டென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம்.

சரி, யார் அந்த வைத்தியர்? புனர்வாழ்வு மருத்துவ நிபுணர். இயன்மருத்துவரையும் தாதியரையும் மற்ற நிபுணர்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. அடுத்த கிளினிக்கில் அவரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். ராகமையில் இதற்கென்றே அரச வைத்தியசாலை இருக்கிறது. தூரம்தான், ஆனால் தனித்தனியாக அலைவதைவிட அது மேல். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் 'உயிரிழை' அமைப்பையும் போய்ப் பாருங்கள். இந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர்களின் பேச்சு உங்கள் கணவருக்கும் தேவை.

அதுவரை ஒரு கொப்பி போடுங்கள். குளிசையின் பெயரும் அளவும், கூட்டிய திகதி, சலத்தின் நிறம், இழுப்பும் தூக்கமும் கூடிய நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். படுக்கையில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். காலையும் மாலையும் குண்டியையும் குதிக்காலையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள்.

காய்ச்சலோடு சலம் கலங்கி வந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990-க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. ஏற்றும்போது கொப்பியையும் கையோடு எடுங்கள்.