யூரியா மூட்டையின் விலை

அன்புள்ள ஐயா,

1984இல் நியூசிலாந்து விவசாய மானியங்களை ஏறக்குறைய ஒரே வீச்சில் நிறுத்தியது. அங்கே விவசாயம் அழிந்துவிடவில்லை. நாம் மட்டும் ஏன் ஆண்டுதோறும் ஒரு லட்சம் கோடிக்கு மேல் உரத்துக்கே கொட்டுகிறோம்? விலையைச் சந்தையிடம் விட்டால் விவசாயி தானே கணக்குப் பார்த்து உரம் போட மாட்டாரா?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

நியூசிலாந்தில் மானியத்தை எடுத்த அதே ஆண்டு நாணய மதிப்பையும் குறைத்தார்கள். ஏற்றுமதியை நம்பிய பெரிய பண்ணைகளுக்கு அது கைகொடுத்தது. கடனில் மூழ்கியவர்களுக்கு ஒரு பகுதி தள்ளுபடியும் கிடைத்தது. அப்படியும் 7 கோடியாக இருந்த செம்மறி ஆடுகள் இன்று 3 கோடிக்கும் கீழே. நிலம் பாலுக்கும் காட்டுக்கும் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருப்பது சராசரியாக 0.75 ஹெக்டேர். அந்த ஒப்பீட்டை விட்டுவிடுவோம்.

விவசாயி கணக்குப் பார்ப்பாரா என்று கேட்கிறீர்கள். நன்றாகவே பார்க்கிறார், சிக்கலே அதுதான். 2010 ஏப்ரலுக்கு முன் 50 கிலோ யூரியா ஏறத்தாழ 242 ரூபாய், 50 கிலோ பொட்டாஷ் 223 ரூபாய். அந்த மாதம் மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்), பொட்டாஷ் தரும் சாம்பல்சத்துக்கும் (பொட்டாசியம்) மானியத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, விற்பனை விலையைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். யூரியா விலையை மட்டும் அப்படி விடவில்லை; அதற்கு எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. இன்று 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் 1,500ஐத் தாண்டிவிட்டது. சத்துக் கணக்கில் சொன்னால் யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கிலோ 13 ரூபாய், சாம்பல்சத்து கிலோ 50 ரூபாய்க்கு மேல். பாதியைச் சந்தையிடம் விட்டு மீதியைக் கட்டிவைத்ததன் பலன் இது.

வயலில் என்ன ஆகிறது? சம்பா நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் கிலோ கணக்கில் 60:20:20. அதற்கு, மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள டிஏபி உரம் 43 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ, யூரியா இரண்டரை மூட்டை. தழைச்சத்தை நான்காகப் பிரித்து, அடியுரமாகவும் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் கதிர் வெளிவரும்போதும் இட வேண்டும். நடப்பது வேறு. பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவில் ஒரு மூட்டை கூட்டுகிறார்கள். நாலே நாளில் பயிர் கரும்பச்சையாகிவிடும், பார்க்க அழகுதான். ஆனால் இலை மெத்தென்று இருப்பதால் இலைச்சுருட்டுப்புழு, புகையான் பூச்சி, குலைநோய் எல்லாம் வரிசை கட்டும். தண்டுக்கு வலு இல்லாததால் மழைக்காற்றில் சாயும். சாம்பல்சத்துக் குறைவால் பதர் கூடும். பொட்டாஷில் மிச்சம் பிடித்த காசு பூச்சிமருந்துக் கடைக்குப் போய்விடும். தேங்கிய தண்ணீரில் வெயில் நேரத்தில் வீசிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாக ஆவியாகிறது. அதற்கும் மானியம் கொடுத்தாயிற்று.

மானியத்தை ஒழித்து அந்தப் பணத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கலாம் என்பார்கள். தெலங்கானா 2018இல் அப்படித்தான் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. பட்டாதாருக்குப் போனது, குத்தகைக்காரருக்குப் போகவில்லை. டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். யூரியா மானியத்தில் எத்தனை ஓட்டை இருந்தாலும், கடையில் ஆதாரைக் காட்டி ரேகை வைக்கிற எவருக்கும் அது கிடைக்கிறது. குத்தகை பதிவாகும்வரை பணமாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதற்குப் பதில் உரத்துக்குள்ளேயே பணத்தை இடம் மாற்றலாம். யூரியா மூட்டைக்கு 40 ரூபாய் ஏற்றினால் ஏக்கருக்கு 100 ரூபாய் கூடும். பொட்டாஷ் மூட்டையில் 150 ரூபாய் குறைத்தால் 33 கிலோவில் அந்த 100 ரூபாய் திரும்பிவிடும். நாட்டில் விற்கும் யூரியா, தனியாக விற்கும் பொட்டாஷைப்போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதால் அரசுக்கும் மிச்சம்தான். பரிந்துரைப்படி இடுபவருக்குக் கூடுதல் செலவில்லை. நாலு மூட்டை யூரியா மட்டும் கொட்டுபவருக்கு 160 ரூபாய் கூடும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே ஏற்றி இறக்கினால் போதும், அவரும் கணக்குப் பார்த்துப் பொட்டாஷ் பக்கம் வருவார்.