ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் ‘ஏஐ குரல்’ என்று ஒரு வரி: பாடகர்கள் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பக்திப் பாடல் ஆல்பங்களும் விளம்பர ஜிங்கிள்களும் பாடுகிறேன், சினிமா இசையமைப்பாளர்களுக்கு டிராக் (மெட்டைக் காட்டும் மாதிரிப் பதிவு) பாடுவதும் உண்டு. பல வருடங்களாக வேலை கொடுத்துவரும் ஒரு ஸ்டூடியோ இருபது முருகன் பாடல்களுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தொகை தருவதாகச் சொல்கிறது. கூடவே ஆங்கிலத்தில் ஆறு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அதில், என் குரலை ‘மெஷின் லேர்னிங்’ பயிற்சிக்கு, அதாவது ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்க, உலகம் முழுவதும், நிரந்தரமாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது. கேட்டால், “எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான்மா” என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? இதுவரை பாடிக்கொடுத்த பாடல்களையும் இப்படி எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: இருபது பாடல்களுக்கும் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு வியாபாரம். ஒரே காகிதத்தில் வைத்திருப்பதால்தான் ஒன்றுபோலத் தெரிகிறது.

அந்த வரி என்ன செய்யும் என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் வாய்ஸ் பூத்தில் பாடும்போது தாளமும் தம்புராவும் ஹெட்ஃபோனில்தான் ஓடுகின்றன. மைக்கில் பதிவாவது உங்கள் குரல் மட்டும், ரிவெர்ப் (எதிரொலி) கூட இல்லாமல். குரல் மாதிரி, அதாவது ஒருவர் குரலைக் கற்றுக்கொண்டு அதே குரலில் பாடும் ஏஐ மாடல், செய்பவர்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான். ஒருவர் குரலை இன்னொருவர் குரலாக மாற்றும் ஆர்.வி.சி. போன்ற இலவச மென்பொருளுக்குப் பத்து நிமிடச் சுத்தமான குரல் இருந்தாலே ஓரளவு நல்ல மாதிரி கிடைத்துவிடும். இருபது பாடல்களின் டேக்குகளைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அப்புறம் யார் பாடினாலும், இசையமைப்பாளரே ஒரு வரியைப் பாடிக்காட்டினாலும், அதை உங்கள் குரலாக மாற்றிவிடலாம். இருபத்தொன்றாவது பாடலுக்கு உங்களை அழைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பாடலுக்குப் பணம் தர வேண்டிய கட்டாயமும் அந்த வரிப்படி இல்லை.

கொஞ்சம் கூடுதல் தொகை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957 உங்கள் பாடலைக் காக்கிறது. அதன் 38-வது பிரிவு, பாடியவருக்குத் தன் நிகழ்த்துதலின் மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி பாடலைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. மற்ற உரிமைகளை எழுதிக்கொடுத்துவிட்டாலும் இவை உங்களிடமே இருக்கும். ஆனால் இவையெல்லாம் நீங்கள் பாடிய பாட்டுக்கு. நீங்கள் பாடாத ஒரு பாட்டில் உங்கள் குரல் கேட்டால் என்ன செய்வது என்று அந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை.

அந்த இடத்தை நீதிமன்றங்கள் நிரப்பிவருகின்றன. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதி இல்லாமல் அவர் குரலை ஏஐ கருவிகளில் உருவாக்கித் தருவது அவருடைய ஆளுமை உரிமையை (தன் பெயர், முகம், குரல் மீது ஒருவருக்கு உள்ள உரிமையை) மீறுவதாகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2025-இல் ஆஷா போஸ்லேக்கும் அதே நீதிமன்றத்தில் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல உத்தரவுகள்தான். ஆனால் அவற்றின் அடித்தளத்தைக் கவனியுங்கள். இவர் நாடறிந்த பாடகர், இவர் குரலைக் கேட்டவுடன் மக்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு வணிக மதிப்பு இருக்கிறது என்பதுதான் வாதம். டிராக் பாடுபவர், கோரஸ் பாடுபவர், ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றி ஜிங்கிள் பாடுபவர் இந்த வாதத்தை வைப்பது கடினம். அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் 2024-இல் கொண்டுவந்த எல்விஸ் சட்டம் பிரபலங்களுக்கு மட்டும் இல்லாமல் எல்லோருடைய குரலையும் காக்கிறது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் பெரிய பாடகருக்கு நீதிமன்றம் துணை என்றால், உங்களுக்குத் துணை ஒப்பந்தக் காகிதம்தான். அதில் உள்ள ஒரு வரியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

“எல்லாருக்கும் இதே ஃபார்மட்” என்பதை நம்ப வேண்டாம். நம் ஊரிலேயே ஒழுங்காகச் செய்த உதாரணம் இருக்கிறது. ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் 2024 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே சமயத்தில், எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி இல்லாமல் ஒரு தெலுங்குப் படத்தில் உருவாக்கியதாகச் சொல்லி அவர் மகன் எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வெளிநாட்டிலும் இதுதான் போக்கு. பெரிய இசை நிறுவனங்கள் மூன்றும் 2024 ஜூனில் சூனோ, யூடியோ ஆகிய ஏஐ பாடல் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டன. வார்னர் நிறுவனம் 2025 நவம்பரில் சூனோவோடு சமரசம் செய்துகொண்டபோது, கலைஞர் தாமே சம்மதித்தால்தான் அவர் குரலும் பெயரும் பயன்படும் என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே தன் பாடகர்களின் சம்மதத்தைத் தனியாகக் கேட்கும்போது, உங்கள் ஸ்டூடியோவும் கேட்கலாம்.

பழைய பாடல்கள் பற்றி. இங்கே சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். எத்தனை ஆண்டுகள் என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. இன்னும் முக்கியமானது 18-வது பிரிவு. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் பழக்கத்துக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. 39ஏ பிரிவு வழியாக இவையெல்லாம் பாடகர்களுக்கும் பொருந்தும். உதாரணமாக, 2016-இல் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் காகிதத்தில் குரல் மாதிரி பற்றி ஒரு வார்த்தையும் இருந்திருக்காது. அந்த வேலைக்கு அந்தக் காகிதம் அனுமதி தரவில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. புதிய ஒப்பந்தத்தில் ‘முன்பு பதிவு செய்தவை உட்பட’ என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், இந்த ஒரு கையெழுத்தால் பழைய பாடல்கள் அத்தனையும் உள்ளே போய்விடும். ‘டிரெய்னிங்’, ‘சிந்தெடிக் வாய்ஸ்’, ‘டிஜிட்டல் ரெப்ளிகா’, ‘இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பத்திலும்’ என்று எங்கே வந்தாலும் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுங்கள்.

குரலைக் கொடுக்கவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்கும் விலைக்கும் விதிக்கும் ஒத்துவந்தால் கொடுக்கலாம். ஆனால் தனி ஒப்பந்தமாக இருக்கட்டும். எந்தப் பாடலுக்கு, எத்தனை மாதம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அந்த மாதிரியை வைத்து உருவாகும் ஒவ்வொரு பாடலுக்கும் தனிச் சம்பளம், வெளியிடுவதற்கு முன் உங்களிடம் கேட்டு ஒப்புதல், வேறு யாருக்கும் கைமாற்றத் தடை, காலம் முடிந்ததும் மாதிரியை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி. இவை இல்லாமல் எவ்வளவு பெரிய ஒற்றைத் தொகை தந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்திப் பாடகிக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. முருகன் பாட்டுக்குக் கொடுத்த குரல் நாளை ஒரு கட்சிப் பிரசாரத்திலோ கொச்சையான பாட்டிலோ வரக்கூடாது என்றால், அதையும் எழுத்தில்தான் தடுக்க வேண்டும்.

இப்போது வேறு விதமாகவும் கேட்கிறார்கள். பாட்டே இல்லாமல் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அகாரம், எல்லா ஸ்ருதியிலும் நீண்ட கார்வை, மெல்லக் கூட்டி மெல்லக் குறைத்து... “சும்மா ஒரு டெஸ்ட் ரெக்கார்டிங்” என்பார்கள். பாட்டுக்கு யாரும் இப்படிப் பதிவு செய்வதில்லை. இது குரலின் எல்லைகளை அளந்தெடுக்கும் வேலை. காகிதம் இல்லாமல் இதைப் பாடிக்கொடுக்காதீர்கள், தெரிந்தவர் கேட்டாலும்.

டிராக் வேலை என்னவாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்தப் பயம் கேள்விக்குள் இருக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன். மெட்டைக் காட்டுவதற்காக டம்மி வரிகளில் பாடும் டிராக், அவசர ஜிங்கிள் போன்றவை குறையும், குறைந்துகொண்டும் வருகின்றன. போட்டி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: தங்கள் தளத்துக்கு ஒரு நாளில் வந்துசேரும் பாடல்களில் சுமார் 50,000, அதாவது 34 சதவீதம், முழுக்க முழுக்க ஏஐ செய்தவை என்று இணையத்தில் பாடல் கேட்கும் தளம் நடத்தும் பிரான்ஸின் டீசர் நிறுவனம் 2025 நவம்பரில் சொன்னது. இந்த வெள்ளத்தில் பெயர் இல்லாத குரல்தான் முதலில் அடித்துச் செல்லப்படும். அதனால் இனி பாடும் ஒவ்வொரு ஆல்பத்திலும் யூடியூப் விவரப் பகுதியிலும் ஆப்களிலும் உங்கள் பெயர் வர வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள். நாளை குரலுக்காக வழக்காட நேர்ந்தாலும் அந்தப் பெயர்தான் சாட்சி. பாடகர்களின் ராயல்டியை வசூலிக்கும் ஐ.எஸ்.ஏ.எம்.ஆர்.ஏ. சங்கத்தில் உறுப்பினராக இல்லை என்றால் அதையும் இப்போதே செய்துவிடுங்கள்.

உங்கள் குரலில் நீங்கள் பாடாத பாட்டு எங்காவது வந்துவிட்டால், முதலில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, லிங்க்கும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யூடியூபில் தனியுரிமைப் புகார் பகுதியிலேயே, ஏஐ மூலம் குரலைப் போலி செய்தது பற்றிப் புகார் தர வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே தர வேண்டும். ஸ்பாட்டிஃபையும் கலைஞரின் அனுமதி இல்லாத போலிக் குரலை நீக்குவதாக 2025 செப்டம்பரில் விதியைத் தெளிவாக்கியிருக்கிறது. புகாருக்குப் பலன் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்.

சரி, ஸ்டூடியோவுக்கு என்ன பதில் சொல்வது? போனில் பேச வேண்டாம், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள்: “இருபது பாடல்களையும் பாடித் தருகிறேன். பாடல்களை வெளியிடும் உரிமைக்குச் சம்மதம். என் குரலை ஏஐ பயிற்சிக்கோ குரல் மாதிரி செய்யவோ இந்த ஒப்பந்தத்திலும் முந்தைய பதிவுகளிலும் அனுமதி இல்லை. அந்த வரியை நீக்கிய பிரதியை அனுப்பினால் கையெழுத்திட்டுத் தருகிறேன். குரல் மாதிரி வேண்டுமென்றால் தனியாகப் பேசலாம்.” அவர்கள் “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்பினாலும் அதை அழிக்காமல் வையுங்கள். திருத்திய பிரதி கைக்கு வந்த பிறகு ரெக்கார்டிங் தேதி கொடுங்கள். பாடி முடித்த பின் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.