வான்கூவரில் இறங்கி சியாட்டிலுக்கு: கப்பல் பயணம் முடிந்தபின் எல்லையைக் கடப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு 64 வயது, கணவருக்கு 71. ஜூன் மாதம் சியாட்டில் அருகே ரெட்மண்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். ஆகஸ்டில் எங்கள் இருவரையும் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு அனுப்ப மகன் ஏற்பாடு செய்கிறான். விட்டியர் துறைமுகத்தில் ஏறி, ஏழு இரவுகள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை கனடாவின் வான்கூவரில் இறங்குகிறோம். அங்கிருந்து மூன்று மணி நேரம்தான், காரில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்கிறான். அவனுக்கு ஹெச்-1பி வேலை விசா. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை போன ஆண்டே முடிந்துவிட்டது. நீட்டிப்புக் கடிதம் இருக்கிறது. எங்களிடம் பத்து ஆண்டு அமெரிக்க விசா இருக்கிறது. இறங்கியதும் கிளம்பிவிடுவதால் கனடா விசா தேவையில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கணவருக்கு மூட்டு வலி உண்டு. கார், டிரெயின், பஸ், எது நல்லது?"

அம்மா, தெரிந்தவர்கள் சொன்னது தவறு. முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

அலாஸ்காவிலிருந்து வரும் கப்பல் வான்கூவரின் கனடா பிளேஸ் துறையில் நிற்கும்போது நீங்கள் கனடாவுக்குள் நுழைகிறீர்கள். ஒரு மணி நேரம் இருந்தாலும் ஒரு வாரம் இருந்தாலும் நுழைவு நுழைவுதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதற்குக் கனடாவின் பார்வையாளர் விசா வேண்டும். அமெரிக்கப் பச்சை அட்டை இருந்தால் விலக்கு உண்டு. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு இல்லை. இந்தச் சிக்கல் வான்கூவரில் வெடிக்காது, அதற்கு முன்பே விட்டியரில் வெடிக்கும். கனடா விசா இல்லாதவரைக் கப்பல் நிறுவனம் ஏற்றிக்கொள்ளாது. கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவரைக் கப்பல் ஏன் சியாட்டிலில் இறக்கிவிடுவதில்லை என்று நீங்கள் யோசித்திருக்கலாம். 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இன்னொன்றில் நேராகக் கொண்டுபோய் இறக்குவதைத் தடுக்கிறது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடியின் கீழ் ஓடுபவை. ஆகவே ஒருவழிப் பயணங்கள் வான்கூவரில் முடிகின்றன. சியாட்டிலிலேயே ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல்களும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். அந்தப் பயணத்துக்கு மாற்றிக்கொண்டால் விசா வேலை மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம்.

கனடா விசாவை ஜூனில் கிளம்புவதற்கு முன் பெங்களூரிலேயே முடித்துவிடுவது நல்லது. விண்ணப்பம் இணையத்தில், கைரேகையும் புகைப்படமும் பெங்களூரு விசா மையத்தில். கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர். கைரேகைக்கு ஒருவருக்கு 85. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தம் 170-க்கு மேல் போகாது. கடைசியில் முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டையே கையைவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால், விமானத் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள். கப்பல் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டும் கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன் விசா கைக்கு வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மகன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவருடைய நிலைமைதான். கூட்டிப்போக வருகிறவருக்கும் விசா வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை, எத்தனை ஆண்டு அமெரிக்காவில் வேலை பார்த்திருந்தாலும், கனடாவுக்குள் காரை ஓட்டி வர அவருக்கும் கனடா விசா தேவை. அது அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைவது போன்ற எல்லை அல்ல.

திரும்பி வருவதில் அடுத்த சிக்கல். முத்திரை காலாவதியானவர் சாதாரணமாக அமெரிக்காவுக்குள் திரும்ப முடியாது. ஆனால் கனடாவுக்கு மட்டும் போய் 30 நாட்களுக்குள் திரும்புகிறவர்களுக்கு 'தானியங்கி விசா மறுசெல்லுபடி' (automatic visa revalidation) என்ற விதி கைகொடுக்கிறது. எந்தத் தேதிவரை அமெரிக்காவில் தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும்; நீட்டிப்புக் கடிதத்தின் அடியில் வரும் ஐ-94-ம் செல்லும். பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். கனடாவில் இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போய்விடும். விதி இப்படி இருந்தாலும், உள்ளே விடும் முடிவு எல்லையில் நிற்கும் அதிகாரியுடையது. ஒரு சனிக்கிழமைப் பயணத்துக்காக மகன் தன் வேலையையே அதில் பணயம் வைக்க வேண்டுமா? என் பதில், வேண்டாம். அவர் எல்லையைத் தாண்டாமலேயே உங்களை அழைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

அந்த வழி டிரெயின். வான்கூவரின் பசிபிக் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஆம்ட்ராக் நிறுவனத்தின் 'கேஸ்கேட்ஸ்' ரயில் சியாட்டிலுக்குப் போகிறது. வழக்கமான அட்டவணையில் நாளுக்கு இரண்டு: காலை ஏழு மணிக்கு முன் ஒன்று, மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஒன்று. பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்றே மேல். உங்கள் கணவரின் மூட்டை நினைத்தே இதை முதலிடத்தில் வைக்கிறேன். அமெரிக்க அதிகாரிகளின் பாஸ்போர்ட் சோதனை வான்கூவர் நிலையத்துக்குள்ளேயே, ரயில் ஏறுமுன் நடந்துவிடும். எல்லையைத் தாண்டியதும் பிளேய்ன் என்ற இடத்தில் வண்டி நிற்கும்போது அதிகாரிகள் பெட்டிக்குள் வருவார்கள். நீங்கள் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. பஸ்ஸில் அப்படி அல்ல. எல்லையில் எல்லோரும் தங்கள் பெட்டிகளோடு கீழே இறங்கி, கட்டடத்துக்குள் வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். முன்னால் இரண்டு பஸ்கள் நின்றால் அந்த வரிசை நீளும்.

சோதனை இருப்பதால் ரயில் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி தேவை என்று பதிவுசெய்யச் சொல்லுங்கள். நகரும் திசையில் வலப்பக்க இருக்கை கிடைத்தால் கடல் ஓரமாகவே வருவீர்கள். ஆகஸ்டில் அங்கே இருட்ட எட்டரை மணி ஆகும்.

மகன் சியாட்டில் கிங் ஸ்ட்ரீட் நிலையம்வரை வரவும் தேவையில்லை. அதே ரயில் சியாட்டிலுக்கு முன்னால் எவரெட்டில் நிற்கிறது. ரெட்மண்டிலிருந்து எவரெட்டுக்குப் போவது எளிது, நகர நெரிசலும் கிடையாது. இன்னும் சீக்கிரமாக உங்களைப் பார்க்க விரும்பினால், எல்லைக்கு இப்பால் பெல்லிங்ஹாமில் காத்திருக்கட்டும். அதுவும் அமெரிக்க மண்தான்.

இதில் ஒரே குறை, காலையில் இறங்கியவர்கள் மாலைவரை காத்திருக்க வேண்டும் என்பது. கப்பலிலிருந்து பயணிகளைக் குழு குழுவாக இறக்குவார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்தால் டாக்சி வரிசை நீண்டுவிடும். எனவே காலை ரயில் எந்தக் கணக்கிலும் உங்களுக்குக் கிடைக்காது. பகலை அவசரமில்லாமல் கழியுங்கள். அதைவிட நல்ல யோசனை, ஓர் இரவு வான்கூவரில் அறை எடுத்துத் தங்கி ஞாயிறு மாலை ரயிலைப் பிடிப்பது. மூடுபனியால் கப்பல் தாமதமானாலும் ரயில் தவறாது.

மகனுக்குக் கனடா விசா ஏற்கெனவே இருந்து, கார்தான் வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தால், தூரம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்ற கணக்கில் எல்லை வரிசை சேராது. கோடைச் சனிக்கிழமையில் பீஸ் ஆர்ச் என்ற எல்லை வாசலில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நிற்க நேரலாம். வரிசையின் நடுவில் கழிவறை கிடையாது. நெடுஞ்சாலையின் மின்பலகைகள் ஒவ்வொரு வாசலின் காத்திருப்பு நேரத்தையும் காட்டும். சற்றுக் கிழக்கே பசிபிக் ஹைவே என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. பலகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆகஸ்டின் முதல் திங்களும் செப்டம்பரின் முதல் திங்களும் விடுமுறை. அவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்ப்பது நலம். பேரக்குழந்தை இருந்து, மகன் காரில் அழைத்து வந்தால் குழந்தையின் பாஸ்போர்ட்டோடு, தாய் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் இருக்கட்டும்.

யாரோ தெரிந்தவர் பணம் வாங்கிக்கொண்டு கொண்டுபோய் விடுகிறார் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுநரின் ஆவணத்தில் சிக்கல் வந்து அவரைத் திருப்பி அனுப்பினால், வயதான இருவர் பெட்டிகளோடு எல்லையில் நிற்க வேண்டியிருக்கும். கப்பல் நிறுவனங்களே விற்கும் பஸ் ஏற்பாடு நம்பகமானது. ஆனால் பெரும்பாலும் சியாட்டில் விமான நிலையத்தில்தான் இறக்கிவிடும். எல்லையில் இறங்கி ஏறுவதும் உண்டு.

உங்கள் இருவரின் ஐ-94 பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் தரும் ஆறு மாத அனுமதி கனடா போய் வந்ததால் புதிதாகத் தொடங்கிவிடாது. பொதுவாகப் பழைய தேதியே தொடரும். அந்தத் தேதியைப் பார்த்தே ஊர் திரும்பும் டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டின் அச்சுப் பிரதியையும் மகனின் முகவரியையும் கையில் வைத்திருந்தால் அதிகாரியின் கேள்விகள் சீக்கிரம் முடியும். காப்பீட்டுப் பத்திரத்தில் அமெரிக்காவோடு கனடாவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கப்பலில் கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அவை மறுநாள் கரையில்தான் கிடைக்கும். பாஸ்போர்ட், மருந்துகள், மருந்துச் சீட்டு, ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பலில் கொடுத்த ஆப்பிள், ஆரஞ்சு எதையும் எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. வான்கூவரில் இந்தியக் கடைகளைப் பார்த்ததும் மகன் வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கத் தோன்றும்; அதை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சியும் நோயும் அதனோடு வரும் என்பதால். வேறு உணவுப் பொருள் எது இருந்தாலும், ஊறுகாய் பாட்டிலாக இருந்தாலும், கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் பையில் கண்டுபிடித்தால் அபராதம் போடுவார்கள்.